மூடிய பூங்காவில் நிற்காத வேலைகள்

ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்ட ஐந்து நிமிடம் போதும். 2020 ஏப்ரல் 7ஆம் தேதி, கொவிட் பரவலைத் தடுக்க மக்களை வீட்டிலேயே இருக்கச் சொன்ன கிருமி முறியடிப்புக் காலம் தொடங்கிய பிறகு சிங்கப்பூரில் விளையாட்டுத் திடல், உடற்பயிற்சி மூலை, நீச்சல் குளம் எல்லாவற்றையும் மூடினார்கள். ஜூன் 19இல் இரண்டாம் கட்டத் தளர்வு வரும்வரை அவை திறக்கவில்லை. ஆளில்லாத இடத்தில் என்ன வேலை இருக்கப்போகிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். பராமரிப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும், வேலை குறையவில்லை, இடம் மாறியது. நகர மன்றக் குத்தகை எடுத்திருப்பவர்கள், கொண்டோமினியம் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள், கோயில் வளாகத்தைக் கவனிப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். இன்னொரு தொற்று வந்தால் கையில் பட்டியல் இருக்க வேண்டும்.

முதலில் தண்ணீர். 2020இல் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது. அதுவரை இல்லாத எண்ணிக்கை. தலைவலி போய்த் திருகுவலி வந்தது போல, கொவிட்டுக்காக மூடிய இடமே கொசு வளர்க்கும் இடமாகிவிடக்கூடும். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் மூடிய திடலை வாரம் ஒருமுறையாவது ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை என்பது தாமதம். எங்கே பார்ப்பது? விளையாட்டுச் சாதனங்களை மூடிய பிளாஸ்டிக் விரிப்பின் மடிப்பில், சறுக்குமரத்தின் அடிக் குழியில், நாடா கட்ட வைத்த கூம்பின் அடிப்பாகத்தில், தடுப்புக் கம்பியின் திறந்த குழாய் வாயில். பலர் கவனிக்காதது இந்தக் கடைசி இடம். குழாய் வாயை மூடிவிட்டாலோ மணல் நிரப்பிவிட்டாலோ பிரச்சினை தீர்ந்தது. விரிப்புப் போட்டு மூடுவதே தவறு என்பது எங்கள் கருத்து. நாடா மட்டும் போதும், விரிப்பு போட்டால் அதன்மேல் மழை தேங்கும்.

அடுத்தது கழிப்பறை. பயன்படுத்தாத தரைவடிகாலில் யூ வளைவுக் குழாயில் நிற்கும் தண்ணீர் சில வாரத்தில் ஆவியாகிவிடும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுக்கிறது. 2003இல் சார்ஸ் பரவியபோது ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் வறண்ட வடிகால் வளைவுகள் வழியாகவும் கிருமி பரவியதாக விசாரணையில் சொன்னார்கள். எனவே பூட்டிய கழிப்பறையிலும் வாரம் ஒருமுறை ஒவ்வொரு தரைவடிகாலிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒவ்வொரு கழிப்புப் பீங்கானையும் ஃப்ளஷ் செய்ய வேண்டும். குடிநீர்க் குழாயும் அப்படித்தான். வாரக்கணக்கில் குழாய்க்குள் நின்ற தண்ணீரில் குளோரின் போய்விடும், பாக்டீரியா வளர இடமாகும். மறுபடியும் திறக்கும் முன் சில நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பயன்படுத்தவும்.

மரம் யாருக்காகவும் காத்திருக்காது. 2017 பிப்ரவரியில் தாவரவியல் பூங்காவில் 270 ஆண்டுத் தெம்புசு மரம் விழுந்து ஒருவர் இறந்தார். ஆளில்லாவிட்டால் விழுந்தால் என்ன என்று கேட்கலாம். ஆனால் நடைபாதைகள் மூடவில்லை. விளையாட்டுத் திடல் மூடியதால் வழக்கத்தைவிட அதிகமானவர்கள் நடக்க வந்தார்கள். ஆகவே நடைபாதை, சாலை, பேருந்து நிறுத்தத்துக்கு மேலே தொங்கும் கிளைகளை ஆய்வு செய்வதைத் தள்ளிப்போட முடியாது. உட்புறத்தில், மக்கள் போகாத மூலையில் இருக்கும் மரங்களின் முறையைத் தள்ளலாம்.

புல்லைப் பற்றி வேறு கதை. வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டதால் ஆள்பலம் இல்லை, புல் வெட்டுவது பல இடங்களில் நின்றது. சாலையோரம் முழங்கால் அளவு உயர்ந்து காட்டுப்பூ பூத்தது. வண்ணத்துப்பூச்சி வந்தது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு, கொசு வந்தது என்று புகார் கொடுத்தவர்களும் உண்டு. இரண்டு பேரும் சொன்னது சரிதான். ஆள் திரும்பிய பிறகு முதலில் எதை வெட்டுவது என்பதுதான் கேள்வி. சாலைச் சந்திப்பில் ஓட்டுநர் பார்வையை மறைக்கும் இடம் முதலில், வடிகால் ஓரம் அடுத்து, நடைபாதை ஓரம் பிறகு. மீதியைப் பூக்கவிடலாம். ஒரே தடவையில் மண்வரை வெட்டுவது பெரிய தவறு. உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு எடுத்து, ஒரு வாரம் விட்டு மறுபடியும் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் புல் வெளுத்து மண் தெரியும், அடுத்த மழையில் அரிக்கும். வெட்டிய குவியலை உடனே வாரவில்லை என்றால் அது வடிகாலுக்குப் போய் அடைக்கும், மறுபடியும் தண்ணீர் தேங்கும்.

கிருமிநீக்கத்தில்தான் நிறையத் தவறு நடக்கிறது. சாதாரண வீட்டு பிளீச்சில் 5.25 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் இருக்கும். ஒரு பங்கு பிளீச்சுக்கு 49 பங்கு தண்ணீர் சேர்த்தால் ஏறக்குறைய ஆயிரம் பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு, வரும். ஆனால் தொழிலாளர்களிடம் பங்குக் கணக்கு சொல்லக் கூடாது. ஐந்து லிட்டர் வாளியில் நூறு மில்லி பிளீச், மீதி தண்ணீர் என்று தமிழிலும் வங்காளத்திலும் எழுதி வாளியின் மீதே ஒட்ட வேண்டும். வாளியின் உட்பக்கம் ஐந்து லிட்டர் அளவில் மார்க்கரால் ஒரு கோடு, நூறு மில்லி அளவுக் குவளை ஒன்று அதோடு கட்டித் தொங்கவிட வேண்டும். கையைக் குவித்து ஊற்றும் பழக்கம் அத்தோடு நிற்கும். அமோனியா கலந்த கிளீனருடனோ, கழிப்பறைக்குப் போடும் அமிலத்துடனோ பிளீச் கலந்தால் நச்சு வாயு வரும், இதைத் தனியாகச் சிவப்பில் எழுதவும். கலந்த நீரை அன்றே முடித்துவிட வேண்டும், வெயிலில் வைத்தால் வலு குறையும்.

தெளிப்பான் வைத்து நடைபாதையையும் பெஞ்சையும் பூங்காவையும் நனைப்பதைப் பார்த்தால் மக்களுக்கு நிம்மதியாக இருக்கும், பயன் மிகக் குறைவு. தூசு, இலை, மண் பட்டதும் குளோரின் செயலிழக்கும். உலகச் சுகாதார நிறுவனமும் 2020 மே மாதமே வெளியிடங்களில் தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை. பலர் தொடும் இடத்தை மட்டும் துணியில் நனைத்துத் துடைத்து, பத்து நிமிடம் ஈரமாக விட்டுப் பிறகு தண்ணீரால் கழுவ வேண்டும். சங்கிலியிலும் பிடிகளிலும் கழுவாமல் விட்டால் நம் ஈரப்பதத்தில் துரு பிடித்துவிடும்.

பூங்காவின் பெஞ்சைவிட ஆபத்தான இடம் லாரியின் பின்பக்கமும் தேநீர் இடைவேளையும்தான். குழு முழுவதும் ஒரே லாரியில் வந்து ஒரே கொட்டகையில் சாப்பிட்டால், ஒருவருக்குத் தொற்று வந்ததும் எல்லோரும் தனிமைப்படுத்தப்படுவார்கள், மறுநாள் குப்பை அள்ள ஆளிருக்காது. குழுவை இரண்டாகப் பிரித்து, சாப்பாட்டு நேரத்தையும் கருவிக் கூடத்தையும் பிரித்துவிட வேண்டும். இரு குழுக்களும் ஒரு தளத்தில் சந்திக்காதபடி, மேற்பார்வையாளரும் ஒருவருக்கு ஒரு குழு என்று இருந்தால் போதும். மேற்பார்வையாளர்தான் பெரும்பாலும் இரு பக்கமும் ஓடுவார், அங்கே ஓட்டை விழும்.

இனிக் கூட்டம். புல்வெளியை அளந்து எத்தனை பேர் கொள்ளும் என்று கணக்குப் போடுவார்கள். கடைத்தொகுதிகளுக்குச் சொன்ன பத்துச் சதுர மீட்டருக்கு ஒருவர் கணக்கைப் பயன்படுத்தினால் நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் வெளியில் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் ஒரு வாசலில் வருகையைப் பதியக் கியூஆர் குறியீடு வருடும் நேரம் ஒருவருக்குப் பத்து விநாடி என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 360 பேர்தான் உள்ளே போக முடியும். ஆயிரம் பேர் நுழைய மூன்று மணி நேரத்துக்கு அருகில் ஆகும். புல்வெளி காலியாக இருக்கும், வரிசையில் நெருக்கியடிக்கும். அதனால் அளக்க வேண்டியவை வாசல், கார் நிறுத்துமிடம், கழிப்பறை, படிக்கட்டு, குறுகிய பாலம். அதில் மிகக் குறுகலான இடம் என்ன தாங்கும் என்பதே பூங்காவின் கொள்ளளவு.

தேசியப் பூங்காக் கழகம் 2020இல் எந்தப் பூங்காவில் கூட்டம் அதிகம் என்று இணையத்தில் வரைபடத்தோடு காட்டியது, டிரோன்களும் பயன்படுத்தியது. அதே ஆண்டு மே மாதம் பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் பாஸ்டன் டைனமிக்ஸின் நான்கு கால் ரோபோ ஸ்பாட் இடைவெளி விடச் சொல்லி நடந்தது. படம் எடுக்க நின்றவர்கள் பலர், அதுவே ஒரு கூட்டம். கூட்டக் கணக்கு காட்டுவதில் இன்னொரு சிக்கல்: வரைபடத்தில் ஒரு பூங்கா கூட்டத்தால் சிவப்பானால் மக்கள் வீட்டுக்குத் திரும்புவதில்லை, அடுத்த பூங்காவுக்குப் போவார்கள். அதனால் அருகிலுள்ள பூங்காக்களின் நிர்வாகிகள் ஒருவருக்கொருவர் கைபேசியில் தகவல் சொல்லிக்கொள்ள வேண்டும்.

2020 ஏப்ரல் 14 முதல் முகக்கவசம் கட்டாயமாக இருந்தது. ஓட்டம், சைக்கிள் ஓட்டுதல் போன்ற கடும் உடற்பயிற்சிக்கு மட்டும் விலக்கு இருந்தது, சாதாரணமாக நடப்பதற்கு இல்லை. முதல் தடவை பிடிபட்டவர்களுக்கு 300 சிங்கப்பூர் வெள்ளி அபராதம். நடப்பவரும் ஓடுபவரும் வாக்குவாதம் செய்த இடம் இதுதான். நான்கு மொழியில் பத்தி எழுதாமல் படம் ஒன்று போட்டிருந்தால் இடைவெளி விடச் சொல்லி நினைவூட்டிய இடைவெளித் தூதர்களுக்கு வேலை பாதி குறைந்திருக்கும்.

எல்லோருக்கும் பூங்கா சமமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பத்து, பன்னிரண்டு பேர் ஓர் அறையில் தங்கும் ஊழியருக்குத் திறந்த வெளி ஆடம்பரம் அல்ல. விடுதியில் இருந்தவர்கள் 2020 அக்டோபர் இறுதியில்தான் பொழுதுபோக்கு மையங்களுக்கு ஓய்வுநாளில் போக அனுமதி பெற்றார்கள், அதுவும் முன்பதிவு செய்த நேரத்தில். லிட்டில் இந்தியா வட்டாரத்தின் தேக்காவுக்குச் சென்று வர 2021 செப்டம்பர் வரை காத்திருந்தார்கள், அதுவும் முதலில் வாரத்துக்கு 500 பேர் மட்டும். அடுத்த தொற்றுத் திட்டத்தில் விடுதிக்குப் பக்கத்தில் நடக்க ஒரு வெளியை முதல் வாரத்திலேயே ஒதுக்கலாம் என்று நினைக்கிறோம். புல் வெட்டுபவர்களும் அவர்கள்தான்.

திறக்கும்போது ஒரே நாளில் நாடாவை அறுத்துவிடக் கூடாது. ரப்பர் தரையில் ஆள் நடக்காததால் நிழலில் பாசி படர்ந்திருக்கும், நனைந்தால் வழுக்கும். உயர் அழுத்த நீரால் கழுவிக் காயவிட வேண்டும். ஊஞ்சல் கொக்கி, சங்கிலி, போல்ட் ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். கூரைச் சாதனங்களுக்கு அடியில் குளவிக் கூடு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது முக்கியம், குழந்தை அங்கேதான் முதலில் தலையை நுழைக்கும். நீர் விளையாட்டுத் தளத்தைக் கடைசியில் திறக்கலாம்: தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவி, குழாயையும் வடிகட்டியையும் கிருமிநீக்கம் செய்து, குளோரின் அளவு சரியாகும்வரை சோதித்துப் பிறகு. தரையில் ஒட்டிய இடைவெளிக் குறிகளை உரித்த பின் பசை தங்கும், மழையில் அதுவும் வழுக்கும், அன்றே சுரண்டி எடுத்துவிடுங்கள்.