தன் தண்டவாளத்தையே தின்னும் பீரங்கி

வெடிமருந்தே தேவைப்படாமல் மின்காந்த விசையால் குண்டை எறியும் பீரங்கியான ரயில்கன்னை அமெரிக்கக் கடற்படை 2021-இல் ஏன் கைவிட்டது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

சாதாரணப் பீரங்கியில் குண்டைத் தள்ளுவது சூடான வாயு. தன் மூலக்கூறுகள் ஓடும் வேகத்துக்கு மேல் வாயுவால் குண்டைத் துரத்த முடியாது. விநாடிக்கு 2 கிலோமீட்டரை எட்டுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். மின்காந்தத்துக்கு அந்தத் தடை இல்லை. கப்பலில் வெடிமருந்துக் கிடங்கு என்ற ஆபத்தும் குறையும். 24 கிலோமீட்டர் சுடும் கடற்படைப் பீரங்கிக்குப் பதில் 180 கிலோமீட்டர் என்று கனவு கண்டார்கள். 2010 டிசம்பரில் வர்ஜீனியாவின் டால்கிரனில் 33 மெகாஜூலுக்குச் சுட்டும் காட்டினார்கள். கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றல்தான். ஆனால் அதை நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் கொட்ட வேண்டும்!

அமைப்பு எளிது. இணையாக இரண்டு தண்டவாளங்கள், நடுவே குண்டைத் தள்ளும் ஓர் அலுமினியத் துண்டு. மின்னோட்டம் ஒன்றில் போய், துண்டைக் கடந்து, மற்றதில் திரும்பும். மீதி, பள்ளியில் படித்த ஃபிளெமிங்கின் இடக்கை விதி: மின்னோட்டமும் அது உண்டாக்கும் காந்தப்புலமும் சேர்ந்து துண்டை முன்னே தள்ளும். மின்னோட்டத்தை இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. அதனால்தான் பல பத்து லட்சம் ஆம்பியர். எதிரெதிராக மின்னோட்டம் பாயும் தண்டவாளங்கள் ஒன்றையொன்று விலக்கவும் செய்யும், குழலே பிளந்துகொள்ளப் பார்க்கும். அதையாவது இறுக்கிக் கட்டிச் சமாளிக்கலாம்.

எனக்குப் பிடித்த இடம் துண்டும் தண்டவாளமும் உரசும் அந்த மெல்லிய பரப்பு. துண்டு பறக்கும் வேகத்தில் மின்னோட்டத்துக்கு உலோகத்துக்குள் பரவ நேரம் கிடைப்பதில்லை. பின் விளிம்பிலேயே நெருக்கியடித்து நுழையும். அங்கே அலுமினியம் உருகும். உருகியது வீணாவதில்லை என்பதுதான் அழகு: அந்தத் திரவப் படலமே மசகாகவும் மின்கடத்தியாகவும் வேலை செய்கிறது. படலம் எங்காவது அறுந்தால் தொடர்பு விட்டுப்போய் மின்பொறி பாயும், அதில் பிறக்கும் பிளாஸ்மா, அதாவது மின்னேறிய கொதிக்கும் வாயு, தண்டவாளத்தை அரிக்கும். ஆயிரக்கணக்கில் சுட்டாலும் தாங்கும் எஃகுக் குழலோடு இது எப்படிப் போட்டியிடும்?

போதாக்குறைக்கு, ரயில்கன்னுக்காக வடிவமைத்த குண்டைச் சாதாரண 155 மி.மீ. பீரங்கியிலேயே போட்டு, 2020-இல் ஏவுகணைக்குப் பதிலாகப் பறக்கவிட்ட ஒரு சோதனை இலக்கை வீழ்த்திவிட்டார்கள். அப்புறம் யார் பணம் தருவார்கள்? ஜப்பான் விடவில்லை, 2023-இல் கப்பலிலிருந்து சுட்டுப் பார்த்தது.

இதையெல்லாம் வீண்செலவு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1903-இல் நார்வேயின் இயற்பியலாளர் பிர்க்கலண்ட் தன் மின்காந்தப் பீரங்கியைச் சபையில் இயக்கினார். அது தண்டவாளத்துக்குப் பதில் கம்பிச்சுருள் உள்ள வகை. ஷார்ட் சர்க்யூட் ஆகி, பெரிய மின்பொறி பாய்ந்து, பார்வையாளர்கள் அலறினார்கள். அதே போன்ற மின்பொறியால் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும் முறையை அவர் பிறகு உருவாக்கினார். அதற்காக 1905-இல் தொடங்கிய நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் இன்றும் இருக்கிறது. இப்போது அது தயாரிப்பது அலுமினியம்.