சைலன்சர் தொங்குகிறதா? கட்டுக்கம்பியை எடுக்காதீர்கள்

வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் காருக்குப் பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். டிக்கியில் ஜாக்கி உருளுகிறது என்று நினைத்து ஒரு மாதம் அப்படியே ஓட்டியிருக்கிறார் அந்த ஆசிரியர். பிறகு வழியில் யாரோ குனிந்து பார்த்து, சைலன்சர் இறங்கிவிட்டது என்று சொல்லி, கட்டுக்கம்பியை நான்கு சுற்றுச் சுற்றி முறுக்கி அனுப்பிவைத்திருக்கிறார்கள். திண்டுக்கல்லில் என் பட்டறைக்கு அவர் வந்தபோது புகார் மாறியிருந்தது. வேகம் அறுபதைத் தாண்டினால் மாவு மில்லுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இரைச்சல். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்தில் 'டிக் டிக்' என்று ஒரு தட்டல்.

அடியில் இறங்கிப் பார்த்தேன். கம்பி கட்டியது கட்டியபடி இருந்தது. எஞ்சினுக்குப் பின்னால் வலை போர்த்தியதுபோல் இருக்குமே, அந்த ஃபிளெக்ஸ் பைப்தான் கிழிந்திருந்தது. சைலன்சரைத் தாங்கும் இரண்டு ரப்பர் மாற்றினால் தீர்ந்திருக்க வேண்டிய வேலை குழாயை அறுத்து வெல்டிங் வைப்பதுவரை போய்விட்டது.

எஞ்சினிலிருந்து புகையை வாங்கி ஒரே குழாயில் சேர்க்கும் மேனிஃபோல்டுக்குப் பின்னால் வருகிற எல்லாவற்றையும் சேர்த்து நாம் சைலன்சர் என்றே சொல்கிறோம். அந்த நீளம் முழுவதையும் போல்ட் போட்டு இறுக்காமல் ரப்பர் வளையங்களில் தொங்கவிட்டிருப்பது செலவைக் குறைக்க அல்ல. கிளட்சை விடும்போது, ரிவர்ஸ் போடும்போது எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்கிறது. குழாயும் கூடவே ஆட வேண்டும். சூட்டில் குழாய் நீளவும் செய்யும். மூன்று மீட்டர் எஃகுக் குழாய் 200 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீளும். இந்த ஆட்டத்துக்கும் நீட்சிக்கும் இடம் கொடுப்பது ரப்பர். பின்னால் கம்பியால் கட்டிப்போட்டால், அங்கே அசைய முடியாத குழாய் தன் கோபத்தை முன்னால் வெல்டிங்கிலும் ஃபிளெக்ஸ் பைப்பிலும் காட்டுகிறது. எஞ்சின் அதிர்வும் ரப்பரில் அடங்காமல் கம்பி வழியே நேராக பாடிக்கு ஏறிவிடும். மாவு மில் இரைச்சல் வந்த வழி அதுதான்.

இரைச்சலையாவது சகித்துக்கொள்ளலாம். முன்பக்கத்தில் கசியும் புகை அப்படியல்ல. அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வண்டியை நிறுத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளே தூங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பகீரென்கிறது. குளிர்ந்த எஞ்சினில் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் குறைந்தால் அது கசிவாக இருக்கலாம். இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டோ குழாயின் விரிசலோ சூட்டில் விரிந்து மூடிக்கொள்வதால்தான் சத்தம் அடங்குகிறது. சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

இறங்கிய சைலன்சரைத் தூக்குவதற்கு முன்னால், அது ஏன் இறங்கியது என்று பார்க்க வேண்டும். வண்டியை ஆறவிட்டு, தூக்கி இரும்பு ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்), ரப்பரை விரலால் இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது வெடிப்பு வாய் திறந்தால் அதற்கு வைத்தியம் இல்லை; மாற்றத்தான் வேண்டும். ரப்பர் நன்றாக இருந்தும் தொங்கினால், ரப்பர் மாட்டும் கொக்கியின் வெல்டிங் விட்டிருக்கலாம், எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் அமுங்கி உட்கார்ந்திருக்கலாம். பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓடுகிற வண்டியில் இன்னொன்றும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குழாய் நன்றாகச் சூடாகாவிட்டால் அது மஃப்ளருக்குள்ளேயே (சத்தத்தை அடக்கும் பெட்டி) தேங்கி, எடையையும் கூட்டும், உள்ளிருந்து துருவும் ஏற்றும்.

ரப்பரில் வெடிப்பு இல்லை, கொஞ்சம் தொய்ந்துவிட்டது, அவ்வளவுதான் என்றால் இறுக்கலாம். நான் செய்வது இது: ரப்பரின் இரண்டு துளைகளுக்கும் நடுவே காலி இடம் இருந்தால், பழைய கூலன்ட் ஹோஸில் ஒரு துண்டு வெட்டி அதில் திணிப்பேன். எடை இழுக்கும்போது ரப்பரின் இரு பக்கமும் உள்ளே ஒடுங்கும். நடுவில் துண்டு இருந்தால் அவ்வளவு ஒடுங்க முடியாது, அதனால் அவ்வளவு நீளவும் முடியாது. காலி இடம் இல்லாத ரப்பர் என்றால், டயர் டியூபில் வெட்டிய பட்டையை மேல் கொக்கியையும் கீழ் கொக்கியையும் சேர்த்து ஒரு சுற்று. ஆட்டம் இருக்கும், இறக்கம் குறையும். இது புது ரப்பர் கிடைக்கும்வரைதான்.

பிளாஸ்டிக் கேபிள் டை வேண்டாம்; சூட்டில் இளகி அறுந்துவிடும். பாலியூரித்தேன் ரப்பர் உறுதியானதுதான், ஆனால் அதன் விறைப்பு அதிர்வை உள்ளே கொண்டுவரும். வீட்டு வண்டிக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. மாட்டும்போது வழுக்குவதற்கு கிரீஸ், எஞ்சின் ஆயில் தடவுகிறவர்கள் அதிகம். ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். சோப்புத் தண்ணீர் போதும். ரப்பரைக் கழற்றுமுன் மஃப்ளருக்கு அடியில் முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் மொத்த எடையும் ஃபிளெக்ஸ் பைப்பில் விழும். வேலை முடிந்ததும் பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கி, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்திலோ ஆக்ஸிலிலோ குழாய் தொடுகிறதா என்று மறுபடியும் பார்க்க வேண்டும்.

ஆசிரியரின் வண்டியை அப்படித்தான் ஓட்டிப் பார்த்தேன். இரைச்சல் போயிருந்தது. வேகத்தடையில் மட்டும் 'டொக்' என்றது. டிக்கியைத் திறந்தால், ஜாக்கியும் உண்மையிலேயே கழன்று கிடந்தது.