வலப்புறம் திரும்பும்போது

சிங்கப்பூரில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். 18 வயதில் லைசென்ஸ் எடுக்க வரும் பிள்ளைகளும் என் பக்கத்தில் உட்காருகிறார்கள். 65 வயதைத் தாண்டி, "ஒரு தடவை சரிபார்த்துட்டு வாங்கன்னு மக சொன்னா தம்பி" என்று வரும் பெரியவர்களும் உட்காருகிறார்கள். இரு தரப்பிடமும் நான் முதலில் கவனிப்பது, பச்சை விளக்கில் அவர்கள் வலப்புறம் எப்படித் திரும்புகிறார்கள் என்பதைத்தான்.

அம்புக்குறி விளக்கு இல்லாத சந்திப்பில், எதிரே வரும் வண்டிகளுக்கு நடுவே இடைவெளி பார்த்துத் திரும்ப வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் நெருங்கிவிடும். உருவம் சிறியது என்பதால் இன்னும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். இளையர் "போயிடலாம்" என்று அழுத்திவிடுவார். பெரியவர் நிதானமாகத்தான் பார்ப்பார். ஆனால் முடிவெடுத்துக் காலை வைப்பதற்குள் அந்த இடைவெளி சுருங்கியிருக்கும். இருவருமே எதிர் வண்டியில் கண்ணாக இருந்து, திரும்பும் சாலையைக் கடப்பவரை விட்டுவிடுகிறார்கள். அவருக்கும் அதே நேரத்தில் நடந்து கடக்கச் சொல்லும் பச்சை மனிதன் விளக்குதான் எரிந்துகொண்டிருக்கும். நிலப் போக்குவரத்து ஆணையம் பல சந்திப்புகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை அம்புக்குறிகளைப் பொருத்தியது இதனால்தான்.

2019 டிசம்பரிலிருந்து, திரைமுன் உட்கார்ந்து ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் பயிற்சி கட்டாயம். நல்ல ஏற்பாடு, ஆபத்தை அடிபடாமல் பார்க்கலாம். எனக்குக் கவலை அதற்குப் பிறகுதான். பையன்கள் கட்டாயத் தேசிய சேவைக் காலத்தில் லைசென்ஸ் எடுப்பார்கள். கார் விற்கும் விலையில் சொந்த வண்டிக்கு வழி இருக்காது. ஓட்டாமலே இருந்தாலும் ஒரு வருடத்தில், புதிய ஓட்டுநர் என்று காட்டும் முக்கோணத் தகட்டைக் கழற்றிவிடலாம். அப்புறம் ஒரு சனிக்கிழமை இரவு, வாடகைக் கார், உள்ளே நான்கு நண்பர்கள், வெளியே மழை. கூட இளையர்கள் ஏற ஏற விபத்து அபாயமும் ஏறுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. பெற்றோர்களே, டெஸ்ட் பாஸான பிள்ளையை மழையிலும் இருட்டிலும் ஓட்டிப் பழக இன்னும் சில வகுப்புகளுக்கு அனுப்புங்கள். அந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வயதுக்கு மேல் அவ்வப்போது மருத்துவப் பரிசோதனை உண்டு. ஆனால் சாலையில் அவர் எப்படி ஓட்டுகிறார் என்பது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

என்னிடம் வந்த ஒரு பெரியவர் 40 ஆண்டுகள் விபத்தில்லாமல் ஓட்டியவர். லேன் மாறும்போது கண்ணாடியைப் பார்த்தார், கழுத்தைத் திருப்பவில்லை. கண்ணாடியில் தெரியாத பிளைண்ட் ஸ்பாட்டில் வந்த பைக்கை நான் சத்தம் போட்ட பிறகுதான் கண்டார். முகம் வாடிவிட்டது. "கழுத்து திரும்ப மாட்டேங்குது தம்பி" என்றார். வீட்டில்கூட அவர் அதைச் சொன்னதில்லை.

நான்கு வகுப்புகள் எடுத்தோம். கண்ணாடிகளின் கோணத்தை மாற்றினோம். தோளோடு சேர்ந்து திரும்பப் பழகினார். ஈசூன் கோயிலுக்கு, அம்புக்குறி விளக்குள்ள சந்திப்புகள் வழியாகவே போகும் பாதையைச் சேர்ந்து ஓட்டிப் பார்த்தோம். எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசுவதால், "ராத்திரி பூசைக்கு இனி எம்ஆர்டி ரயில்தான்" என்று அவரே முடிவெடுத்தார்.