டாக்டர் அறையில் மட்டும் வருகிற தூக்கம்

2002-இல் வந்த ஹாங்காங் படம் 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்'. டோனி லியுங் நடித்த சான் ஒரு போலீஸ்காரர். ஆனால் ரவுடிக் கும்பலுக்குள் ரவுடியாகவே வாழ்கிறார். மூன்று வருடம் என்று சொல்லி அனுப்பிய வேலை பத்து வருடத்தை நெருங்குகிறது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கோர்ட் உத்தரவு. போகிறவர் அங்கே சாய்வு நாற்காலியில் படுத்துத் தூங்குகிறார்.

துப்பாக்கிச் சண்டைகளைவிட அந்தத் தூக்கம்தான் எனக்குள் நிற்கிறது. மனநல மருத்துவராக என் அறையிலும் அதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொருவராக நடித்து வாழ்பவரின் மூளை ஓயாமல் காவல் காக்கும். நேற்று யாரிடம் என்ன சொன்னோம், எதிரே இருப்பவன் ஏன் அப்படிப் பார்த்தான்? ஆபத்தில்லை என்று உடம்பு நம்பினால்தான் ஆழ்ந்த தூக்கம் வரும். வேலை முடிந்ததும் இது தானாக அடங்கிவிடாது. எஃப்.பி.ஐ.யின் ஜோ பிஸ்டோன் 1976 முதல் 1981 வரை நியூயார்க் மாஃபியாவுக்குள் 'டோனி பிராஸ்கோ' என்ற பொய்ப் பெயரில் இருந்தார். வெளியே வந்த பிறகும் அவர் மறைந்துதான் வாழ வேண்டியிருந்தது.

பல வருடம் மஃப்டியில் வேலை பார்த்த ஒருவரை அவர் மனைவி அழைத்து வந்தார். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) "ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்துட்டார் டாக்டர். ஆனா இன்னும் வரலை" என்றார் அந்த அம்மா. ஓட்டலில் சுவரோரமாக, வாசலைப் பார்த்துத்தான் உட்காருவாராம். சின்னச் சத்தத்துக்கும் கோபம். தூங்குவதற்காகக் குடி. குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், உண்மைதான். பின்னிரவில் அதுவே தூக்கத்தைக் கலைத்துப் போடும்.

இப்படிப்பட்டவரை "என்னதான் நடந்தது, சொல்லு" என்று வீட்டில் துருவாதீர்கள். அவருக்கு அது விசாரணைதான். டாக்டரிடம் போனால் விஷயம் டிபார்ட்மெண்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்திலேயே பலர் வராமல் இருக்கிறார்கள். சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்குக் கொடுத்திருக்கிறது. நேரில் வரத் தயங்கினால் அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மானஸ் இருக்கிறது, எண் 14416. 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும்.

அவர் முதல் இரண்டு தடவையும் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தடவை, பேச்சின் நடுவே தலை சாய்ந்தது. நான் எழுப்பவில்லை. அடுத்து வரவேண்டியவரை வெளியே காத்திருக்கச் சொன்னேன்.