எஞ்சினியர் – பொறியாளர்

லத்தீன் மொழியில் 'இன்ஜெனியம்' என்றால் பிறவியிலேயே வாய்த்த அறிவுத்திறன். அது பழைய பிரெஞ்சுக்குப் போய், கோட்டையைத் தகர்க்கும் போர்க்கருவிக்குப் பெயரானது. அந்தக் கருவியைச் செய்து இயக்கியவர்தான் முதல் 'எஞ்சினியர்'. வேலூர்க் கோட்டையின் அகழியையும் கருங்கல் மதிலையும் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் கனம் புரியும்.

தமிழிலும் அப்படித்தான். எலிப்பொறியில் இருக்கும் 'பொறி' இயந்திரத்தைக் குறிக்கும் பழைய சொல். மதுரை மதிலில் இருந்த 'வளைவிற் பொறி'யைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. தானே வளைந்து அம்பு எய்யும் கருவி அது. பொறியை ஆள்பவர் பொறியாளர். அது தவறாக எய்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

மென்பொருளுக்கு இந்தப் பெயர் பரவலானது 1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த நேட்டோ மாநாட்டுக்குப் பிறகு. பெரிய நிரல்கள் (புரோகிராம்கள்) தாமதமாகி, பிழை மலிந்து கிடந்த காலம். பாலம் கட்டுபவருக்கு இருக்கும் ஒழுங்கு இங்கும் வேண்டும் என்றுதான் அந்தப் பெயரை வைத்தார்கள். அது வெறும் பேச்சில்லை. 1985 முதல் 1987 வரை 'தெராக்-25' என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி, நிரல் பிழையால் நோயாளிகள் சிலருக்கு அளவுமீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. உயிர்களும் போயின.

காட்பாடியிலும் வேலூரிலும் படித்து முடித்து, பிளேஸ்மென்ட் கிடைத்து, ட்ரெய்னிங்கும் முடித்து வரும் பிள்ளைகளுக்கு நிரல் எழுத நன்றாகவே வருகிறது. கல்லூரிக் கட்டணம் கட்டும் பக்கம் ஒன்றைச் செய்யச் சொன்னால் ஒரே நாளில் செய்துவிடுவார்கள். சரி, பணம் போன நொடியில் நெட் அறுந்து, மாணவர் பட்டனை மறுபடி அழுத்தினால்? இரண்டு முறை பணம் பிடிக்காமலிருக்க, ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனி எண் கொடுத்து, மறுபடி அழுத்தினாலும் அதே எண்ணை அனுப்பி, அது ஏற்கெனவே வந்ததா என்று சர்வரில் பார்க்க வேண்டும். அப்புறம், புதிய பதிப்பு சொதப்பினால் பழையதற்கு எப்படித் திரும்புவது, நடந்ததைக் குறித்துவைக்கும் லாக் எங்கே இருக்கிறது, ராத்திரி யார் எழுந்து பார்ப்பது? இவற்றுக்கு விடை வைத்திருப்பவரைத்தான் வேலைக்குத் தயார் என்பேன். டெஸ்டிங் டீம் பார்த்துக்கொள்ளும் என்பது பொறியாளர் பேச்சில்லை.

நிரல் எழுதுபவருக்கு 'நிரலர்' என்ற நல்ல சொல் இருக்கிறது. 'சாஃப்ட்வேர் எஞ்சினியர்' என்பதற்கு 'மென்பொருள் பொறியாளர்' என்றே எழுதலாம். 'பொறியியலாளர்' என்றாலும் பிழையில்லை.