நீச்சல் தெரிந்த நாய்களும் கால்வாயில் சாகின்றன

இந்தக் கோடையில் இது மூன்றாவது. ஐந்து வயது லாப்ரடார். கரைக்குத் தாவும்போது தவறி, படகுக்கும் கரைக்கும் நடுவே விழுந்திருக்கிறான். மேசையில் கிடத்தும்போதே உயிர் இல்லை. "லாப்ரடார்தானே டாக்டர், நல்லா நீந்துவானே" என்று அந்த வீட்டார் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்துபோய்த்தான் எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஒரு கால்வாய்க்கு அருகே கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். நேரோபோட் எனும் ஒடுங்கிய கால்வாய்ப் படகை வாடகைக்கு எடுத்து, நாயோடு ஒரு வாரம் ஆற அமரப் போய்வருவது அருமையான விடுமுறை. 7 அடி அகலம்கூட இல்லாத படகு, மணிக்கு 4 மைலைத் தாண்டக்கூடாத வேகம், பக்கத்திலேயே நாய் நடந்து வர டோபாத் எனும் கரையோர நடைபாதை. போகாதீர்கள் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன்.

ஆனால் நீச்சல் கதையை மட்டும் விட்டுவிடுங்கள். கால்வாய் என்பது ஆறோ குளமோ அல்ல, மனிதன் வெட்டிய தொட்டி. ஆற்றில் சரிவான மணல்கரை இருக்கும், நாய் நடந்து ஏறிவிடும். கால்வாயில் பல இடங்களில் கரை செங்குத்து: செங்கல், கருங்கல், இல்லையென்றால் இரும்புத் தகடு. முன்கால்கள் விளிம்பைத் தொட்டாலும் பின்கால்களுக்கு உந்த எதுவும் இல்லை. நகம் வழுக்கும். நாய் மறுபடி முயலும், மறுபடி வழுக்கும். எப்படி நீந்துவது என்று அதற்குத் தெரியும். எப்படி ஏறுவது என்றுதான் தெரியாது. களைத்துப்போகும் வரை நீந்திவிட்டு மூழ்கும். என்னிடம் வந்த இன்னொரு நாயின் முன்கால் நகங்கள் ரத்தம் கசியத் தேய்ந்திருந்தன. குளிர்ந்த தண்ணீரில் தசைகள் இன்னும் சீக்கிரம் சோர்ந்துவிடும். பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கோ நீச்சலே சரியாக வராது.

அதனால் லைஃப் ஜாக்கெட். முதுகில் கைப்பிடி வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். அந்தக் கைப்பிடிக்குத்தான் காசு. மிதக்க வைப்பதைவிட, குனிந்து பிடித்துத் தூக்க அதுதான் உதவும். கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தூக்காதீர்கள், கழுத்து நெரிபடும். ஜாக்கெட்டை வீட்டிலேயே மாட்டிப் பழக்குங்கள்.

"மெதுவாத்தானே போகுது" என்பது அடுத்த நம்பிக்கை. மெதுவாகப் போனாலும் அது பல டன் எடையுள்ள இரும்பு. பிரேக் கிடையாது. கரை நெருங்கியதும் நாய்கள் ஆர்வத்தில் முந்திக்கொண்டு தாவும், அந்த இடைவெளியில்தான் விழும். படகைக் கட்டி முடிக்கும் வரை நாய் உள்ளே இருக்கட்டும். விழுந்துவிட்டால் உடனே நியூட்ரலுக்கு மாற்றுங்கள். பதற்றத்தில் ரிவர்ஸ் போடவே போடாதீர்கள், பின்னால் ப்ரொப்பெல்லர் சுற்றுகிறது.

லாக்குக்குள், அதாவது தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் கதவு வைத்த தொட்டிக்குள், நுழையும்போதும் நாய் கேபினுக்குள்தான். படகில் நிற்கும் நாயின் கயிற்றைக் கரையில் கட்டிவிட்டுப் படகைக் கீழே இறக்குகிறார்கள். தண்ணீர் வடிய வடிய நாய் தொங்குகிறது. இதைக்கூட எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

டோபாத்தில் தூண்டில் போடுபவர்கள் இருக்கும் இடங்களில் நாயைக் கயிற்றில் பிடித்து நடத்துங்கள். இரை மாட்டிய முள்ளை விழுங்கி, வாயில் தூண்டில் நரம்பு தொங்க வரும் நாய்களை அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து அதை இழுக்காதீர்கள், உணவுக்குழாயைக் கிழித்துவிடும். வெட்டவும் வேண்டாம். அந்த நரம்பைப் பிடித்துத்தான் முள் எங்கே இருக்கிறது என்று நாங்கள் போய்ச் சேர்வோம்.

எலிக்காய்ச்சல் தடுப்பூசி பற்றி ஒரு வார்த்தை. கால்வாய்க் கரையில் எலிகள் உண்டு, அவற்றின் சிறுநீரில் இந்தக் காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா கிருமி உண்டு. முதல்முறை போடும்போது சில வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. கிளம்புவதற்கு முந்தைய நாள் வந்து ஊசி கேட்டால் பயணத்துக்குள் பாதுகாப்பு வந்துவிடாது. இந்த நோய் உங்களுக்கும் தொற்றும், கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். வெயில் நாட்களில் தண்ணீர் மேல் பச்சைப் பெயின்ட் போல் நுரை படிந்திருந்தால், நாய் அதை நக்கக்கூட விடாதீர்கள். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சுக்கு மாற்றுமருந்து எங்களிடம் இல்லை.

தண்ணீரில் தத்தளித்து மீண்ட நாய் உதறிவிட்டு வாலாட்டினாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் மோசமாகலாம். படகு நகர நகர அருகிலிருக்கும் மருத்துவமனையும் மாறும், காலையில் கிளம்பும்போதே அன்றைய வழியில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் "கால்வாய்ல இருக்கோம்" என்றால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. இங்கே கால்வாய்ப் பாலங்களுக்கு எண் உண்டு, பெரும்பாலும் பாலத்திலேயே பதித்திருப்பார்கள். கடைசியாகக் கடந்த பாலத்தின் எண்ணையும் கால்வாயின் பெயரையும் சொல்லுங்கள்.