கடைக்கு டாட் காமா, டாட் சிங்கப்பூரா?

தேக்காவில் மசாலாப் பொடி அரைத்து விற்கும் குடும்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடைக்கு இணையத்தளம் தொடங்கப் போகிறாராம். “டாட் காம் வாங்கச் சொல்கிறான் மகன். டாட் எஸ்ஜி போதும் என்கிறார் பெயர்ப்பலகை செய்பவர். தமிழிலேயே டாட் சிங்கப்பூர் கிடைக்குமாமே, அது நிஜமாகவே வேலை செய்யுமா?” கடைசிக் கேள்வியைப் படித்ததும் எனக்குக் கை பரபரத்தது. இருந்தாலும் முதல் இரண்டையும் ஓட்டமாகப் பார்த்துவிட்டு அதற்கு வருகிறேன்.

கணினிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் கூப்பிடுகின்றன, நமக்கு எண் நினைவில் நிற்காது, அதனால் பெயர். இது பள்ளியிலேயே படித்ததுதான். ஆரம்பத்தில் எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் வகுத்த முறையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். தபால் உறையில் நாட்டின் பெயரை முதலில் பார்த்து, அப்புறம் தெரு, அப்புறம் வீட்டு எண் என்று தேடுவது போல, டொமைன் பெயரையும், அதாவது டாட் வைத்த இணைய முகவரியையும், கணினி கடைசியிலிருந்துதான் படிக்கும். முதலில் எஸ்ஜி யாரிடம் என்று மூல சர்வரைக் கேட்கும், எஸ்ஜி-யின் சர்வரிடம் உங்கள் கடை எங்கே என்று கேட்கும். இத்தனையும் கண் இமைப்பதற்குள் நடந்துவிடும்.

அந்தக் கடைசித் துண்டில்தான் வகைகள் பிரிகின்றன. இரண்டே ஆங்கில எழுத்து என்றால் அது ஒரு நாட்டுக்கோ ஆட்சிப் பகுதிக்கோ உரியது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் அள்ளிக்கொண்டு போகும் டாட் ஏஐ, கரீபியக் கடலில் உள்ள அங்குய்லா தீவுடையது. டாட் டிவி துவாலு நாட்டுடையது. யுகோஸ்லாவியா உடைந்தபின் அதன் டாட் ஒய்யு-வையும் 2010-ல் எடுத்துவிட்டார்கள். மூன்று எழுத்தும் அதற்கு மேலும் இருந்தால் பொதுவானவை. டாட் காமில் முதல் பெயர் 1985 மார்ச் 15-ல் சிம்பாலிக்ஸ் நிறுவனத்துக்குப் பதிவானது. டாட் ஷாப், டாட் ரெஸ்டாரன்ட் போன்ற புது வரவுகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட முடிவு 2011 ஜூனில் நம் சிங்கப்பூரில் நடந்த ஐகேன் கூட்டத்தில்தான் எடுக்கப்பட்டது. உலக அளவில் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் அமைப்பு அது. புதுப்பெயர் வாங்கினால் கூகலில் மேலே வரும் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். அப்படி ஒரு சலுகையும் கிடையாது.

டாட் எஸ்ஜி-யைக் கவனிப்பது எஸ்ஜிநிக். இது தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் கீழ் இருக்கிறது. டாட் காம் டாட் எஸ்ஜி வேண்டுமென்றால் சிங்கப்பூரில் பதிவான வணிகமாக இருக்க வேண்டும். வெறும் டாட் எஸ்ஜி-க்கு அந்தக் கட்டாயம் இல்லை, உள்ளூர்த் தொடர்பு இருந்தால் போதும். இரண்டுக்கும் ஒரு படி உண்டு: பொறுப்பாளர் சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளம் வழியாக 21 நாளுக்குள் தன்னை உறுதிப்படுத்த வேண்டும். தவறினால் பெயர் முடக்கப்படும். தொல்லைதான். ஆனால் ஆளில்லாத பெயரில் மோசடித் தளம் நடத்துவது இதனால் கடினமாகிறது.

சரி, தமிழுக்கு வருவோம்.

இணையப் பெயர்களில் இடம்பெறும் குறிகள் மொத்தம் 37: ஆங்கிலத்தின் 26 எழுத்து, 10 எண், ஒரு சிறு கோடு. உலகெங்கும் உள்ள பெயர்ச் சர்வர்களைத் தமிழ் கற்கச் சொல்ல முடியாது. அதனால் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். நீங்கள் தமிழில் தட்டச்சு செய்வதை உங்கள் பிரவுசரே அந்த 37 குறிகளுக்குள் மாற்றி அனுப்பிவிடும். சர்வருக்குத் தமிழ் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. ஆடம் காஸ்டெல்லோ 2003-ல் வெளியிட்ட இந்த முறைக்குப் பெயர் பியூனிகோட்.

‘சிங்கப்பூர்’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்கு மெய், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி, ஆக 11 குறி. பியூனிகோட் இவற்றை வாசிக்கும் வரிசையில் எடுப்பதில்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கும் யூனிகோட்டின்படி, எண் சிறியதிலிருந்து பெரியதாக, ஏறக்குறைய அரிச்சுவடி வரிசையில் எடுத்து, ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் செருகுகிறது. முதலில் க. யூனிகோட்டில் அதன் எண் 2965. எண்ணிக்கை 128-லிருந்து தொடங்குவதால் 2837 தாண்ட வேண்டும். அந்தத் தாண்டலுக்கு ‘சி எல் சி’ என மூன்று ஆங்கில எழுத்து செலவாகிறது. அடுத்தது ங. அதற்கு ‘ஹெச்’ ஒன்றே போதும்.

‘ஏ’ 0, ‘பி’ 1 என்று எண்ணிக்கொண்டு போனால் ‘ஹெச்’ 7. இந்த ஏழுக்குள் எந்த எழுத்து, எந்த இடம் என்ற இரண்டு செய்தியும் அடங்கியிருக்கிறது. இதுவரை பலகையில் இருப்பது க மட்டும். புது எழுத்தை அதற்கு முன்னாலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். ஆக இரண்டு இடம். க-வை வைத்த பின் நாம் நிற்பது 1-ஆம் இடத்தில். 1-உடன் 7-ஐக் கூட்டினால் 8. அதை 2-ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 0. ஈவு எழுத்தைச் சொல்கிறது: 2965-லிருந்து நான்கு தள்ளி 2969, அதாவது ங. மீதி இடத்தைச் சொல்கிறது: 0 என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால். நான்காம் வகுப்பு வகுத்தல் கணக்கு இது! இப்படி ஒரு நாட்டின் பெயரையே மூட்டை கட்ட முடியும் என்பதை முதல்முறை தாளில் போட்டுப் பார்த்தபோது எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டேன்.

இப்போது பெயர் வளர்வதைப் பாருங்கள்: க, ஙக, சஙக, சஙகப, சஙகபப, சஙகபபர. புள்ளி வைக்காத பழைய ஓலைச்சுவடியை நினைவூட்டுகிறதல்லவா? யூனிகோட்டில் உயிர்க்குறிகளும் புள்ளியும் மெய்களுக்குப் பிறகு வருவதால் அவை கடைசியில்தான் வந்து சேர்கின்றன: சிஙகபபர, சிஙகபபூர, அப்புறம் மூன்று புள்ளிகள். இரண்டாவது ‘ப’-வுக்கான குறி வெறும் ‘ஏ’, அதாவது பூஜ்யம்: அதே எழுத்து, அடுத்த இடம். கடைசிப் புள்ளிக்கு ‘டி’, அதாவது 3: மூன்று குறி தாண்டி வை. ஒருமுறை தமிழ்ப் பகுதிக்குள் வந்துவிட்டால் அடுத்த தாண்டல்கள் சிறியவை என்பதைப் புரிந்துகொண்டு, முறையே தன் அளவுகோலை ஒவ்வொரு எழுத்துக்கும் திருத்திக்கொள்கிறது. முடிவில் 11 தமிழ்க் குறிக்கு, ஆங்கில எழுத்தும் எண்ணுமாக 18. இது வேற்றுமொழிப் பெயர் என்று காட்ட முன்னால் எக்ஸ், என், இரண்டு சிறு கோடு. மொத்தம் 22. ஒரு துண்டுக்கு 63 வரை இடம் உண்டு என்பதால் தாராளம்.

இந்த வேலையின் ஒரு வேர் இங்கே இருக்கிறது. பன்மொழி டொமைன் பெயர்களை 1998-ல் செயல்படுத்திக் காட்டியவர்கள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீயும் அவர் குழுவினரும். அதற்கு முந்தைய ஆண்டு தமிழ்நெட் 97 என்ற தமிழ் இணைய மாநாடு நடந்ததும் இங்கேதான். அதை முன்னின்று நடத்திய நா. கோவிந்தசாமி, கணினித் தமிழுக்குக் ‘கணியன்’ மென்பொருளைத் தந்தவர். இலாபக் கணக்கு கேட்டிருந்தால் இதில் எதற்கும் அன்று யாரும் பணம் கொடுத்திருக்க மாட்டார்கள். இன்று மானியம் கேட்டு வரும் தமிழ்த் தொழில்நுட்பத் திட்டங்களிடம் மூன்றே ஆண்டில் ‘பலன்’ காட்டச் சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

கடைக்காரர் கேள்விக்குத் திரும்புகிறேன். டாட் சிங்கப்பூர் வேலை செய்யும். பெரிய வசதி ஒன்றும் அதில் உண்டு. ‘மூர்த்தி’ என்பதை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள், தமிழில் ஒரே விதம்தான். ஆனால் கடைப் பெயர் ‘ஸ்ரீ’ என்று தொடங்கினால் உஷார். அதை ‘ஸ’ கொண்டும் தட்டலாம், ‘ஶ’ என்ற கிரந்த எழுத்தைக் கொண்டும் தட்டலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரியும், பியூனிகோட்டில் இரண்டும் வேறு வேறு டொமைன். இரண்டும் கிடைக்குமா என்று பதிவாளரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு சிக்கல், பல படிவங்கள் தமிழ் டொமைனில் உள்ள மின்னஞ்சலை இன்னும் ஏற்பதில்லை.

எனவே என் யோசனை: வாடிக்கையாளர் பெரும்பாலும் உள்ளூர் என்றால் டாட் எஸ்ஜி-யைத் தளத்துக்கும் மின்னஞ்சலுக்கும் வையுங்கள். தமிழ்ப் பெயரை வாங்கி அங்கே திருப்பிவிடுங்கள், பலகையிலும் பொட்டலத்திலும் அதை அச்சடியுங்கள். ஜொகூருக்கோ சென்னைக்கோ அனுப்பும் எண்ணம் இருந்து, டாட் காம் சாதாரண விலையில் கிடைத்தால் அதுவும் சரி. எண் கணிதக்காரர் சொன்னார் என்று பெயரில் இன்னொரு ‘ஏ’ சேர்க்காதீர்கள். போனில் கேட்டுத் தட்டுபவர் அந்த ‘ஏ’-யை விட்டுவிடுவார், வியாபாரம் வேறு கடைக்குப் போகும். பியூனிகோட்டான பெயருக்கு எந்த எண்ணைக் கூட்டுவார்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பதிவு கடையின் பெயரில் இருக்கட்டும், தளம் செய்து தருபவரின் பெயரில் வேண்டாம். டொமைன் என்பது ஆண்டுக் கணக்கில் எடுக்கும் குத்தகை, சொந்தமாகாது. புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டலை அதே டொமைனில் உள்ள மின்னஞ்சலுக்கு வரும்படி வைக்காதீர்கள். கெடு தாண்டிவிட்டால் அந்த அஞ்சல்பெட்டியும் கூடவே நின்றுவிடும்.